கைபேசியின் மேல் விழுந்த வால்

பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த ஒரு வருஷம். தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் ஒற்றை அறை வீட்டில் ஒரு கைபேசி இருந்தது.

அதை வாங்கியவன் ரொசாரியோ. அவன் படகு வேலைக்கு மங்களூர்ப் பக்கம் போயிருந்தான். போகும்போது, "பிள்ளைக்குப் பாடம் இதுலதான் நடக்குமாம்" என்று கைபேசியை மனைவி அமலியிடம் விட்டுவிட்டுப் போனான். காலை பத்து மணிக்கு அமலி அதை மகள் ஜெனிட்டாவிடம் கொடுப்பாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஜெனிட்டா அதை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள்.

வகுப்பு நடக்கும் ஒன்றரை மணி நேரம்தான் கைபேசிக்கு வாழ்க்கை. மற்ற நேரத்தில் அதில் மீன் விலை, சீட்டுப் பணப் பேச்சு, உறவுக்காரர்களின் சண்டை என்று ஏதேதோ ஓடும். பத்து மணி ஆனால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும். அந்த மிடுக்கில் அது கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும்.

விலங்குகள் பாடம் வந்தபோது அதைக் கையில் பிடிக்க முடியவில்லை. எஸ்தர் டீச்சர் "சிங்கம்" என்று வாய் திறப்பதற்குள் சிங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. யானை, திமிங்கிலம், ஒட்டகச்சிவிங்கி, பனிக்கரடி என்று உலகத்தையே அந்த ஒற்றை அறைக்குள் இறக்கியது.

ஜெனிட்டாவும் பார்த்தாள். ஆனால் நடுநடுவே அவள் கண் மேலே போய்விடும்.

"ஜெனிட்டா, எங்கம்மா பாக்குற?" என்று டீச்சர் கேட்பார்.

அவள் சட்டென்று குனிந்துகொள்வாள். பதில் சொல்ல மாட்டாள். அந்த வகுப்பில் அவள் வாய் திறந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. சிக்னல் கிடைக்கவில்லை போலும் என்று டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். சிக்னல் நன்றாகவே இருந்தது என்பது கைபேசிக்குத் தெரியும். அதற்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அவள் பார்த்தது சுவரை. அங்கே மாதா படம் போட்ட காலண்டருக்கு மேலே ஒரு பல்லி இருந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கைபேசி பல்லியிடம் கேட்டது: "அந்தப் பிள்ளைக்கு நீ என்ன காட்டுகிறாய்?"

"ஒன்றும் காட்டவில்லை. பூச்சி பிடிக்கிறேன்" என்றது பல்லி.

"நான் இன்று புலி காட்டினேன். உறுமும் புலி."

"கேட்டது. நான் காலண்டருக்குப் பின்னால் ஓடிவிட்டேன்."

"அப்படியும் அவள் உன்னைத்தான் பார்க்கிறாள். பாடப் புத்தகத்தில் உனக்கு ஒரு படம்கூட இல்லை, தெரியுமா?"

பல்லி யோசித்துப் பார்த்தது. "எனக்கும் புத்தகம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு கொசுவின் பக்கம் நகர்ந்தது.

இந்தப் பதில்தான் கைபேசிக்குப் பொறுக்கவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூட மறந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்தர் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். திங்கட்கிழமை எல்லாரும் ஆளுக்கு ஒரு விலங்கைப் பற்றி ஐந்து வரி பேச வேண்டும். கைபேசி உடனே சிங்கத்தைப் பற்றிய ஐந்து வரியை எடுத்துக் கொடுத்தது. ஜெனிட்டா அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள்.

கைபேசி ஒரு முடிவுக்கு வந்தது. அந்தப் பல்லியைத் தனக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். சிங்கமே உள்ளே இருக்கிறது, பல்லிக்கு என்ன? அப்புறம் அவள் எதற்காகச் சுவரைப் பார்க்கப் போகிறாள்?

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். அமலியும் ஜெனிட்டாவும் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். அறையில் வெளிச்சம் மங்கியிருந்தது. தரையில் கிடந்த கைபேசி தன் முகத்தைப் பளிச்சென்று ஏற்றியது. சின்னச் சின்னப் பூச்சிகள் வந்து கண்ணாடியில் உட்கார ஆரம்பித்தன.

"பல்லியே, கீழே வா" என்றது கைபேசி. "சாப்பாடு தயாராக இருக்கிறது."

"தரை எனக்குப் பழக்கமில்லை. தரையில் கால்கள் இருக்கும்."

"வீட்டில் யாரும் இல்லை. வந்தால் உன்னைப் படம் எடுப்பேன். சிங்கத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் வீட்டிலும் உன்னைப் பார்ப்பார்கள்."

படத்தைப் பற்றிப் பல்லி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக அதற்குச் சரியான இரை இல்லை. அது சுவரில் கொஞ்சம் இறங்கியது. நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் தரையைக் கடந்து வந்து, நான்கு கால்களையும் ஊன்றிக் கைபேசியின் மேலேயே ஏறி நின்றது.

அப்போது அமலி இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"ஐயோ, போன் மேல பல்லி!"

குடத்தை வைத்த வேகத்தில் கதவோரம் இருந்த விளக்குமாற்றை எடுத்தாள். பின்னால் வந்த ஜெனிட்டா, "அடிக்காதம்மா! அம்மா, வேண்டாம்மா!" என்று கத்தினாள். விளக்குமாறு இறங்கிவிட்டது.

பல்லி சுவர் ஏறி, காலண்டருக்குப் பின்னால் மறைந்தது. அதன் வால் மட்டும் கைபேசியின் மேல் கிடந்தது.

வால் துடித்தது. வளைந்து, சுருண்டு, நிமிர்ந்து, மறுபடியும் வளைந்தது. கைபேசி அசையாமல் கிடந்தது. அதன் முகத்தில் எத்தனையோ பேர் விரல் பட்டிருக்கிறது. இந்த மாதிரி ஒன்று பட்டதில்லை. குளிர்ச்சியாக, லேசாக, ஒரு நூல் துண்டு கனம்கூட இல்லாமல் இருந்தது அது. ஆனாலும் அந்தக் கனத்தைத் தாங்க முடியவில்லை. கைபேசி அதுவரை யானையையும் திமிங்கிலத்தையும் சுமந்ததாக நினைத்திருந்தது. அவற்றில் ஒன்றுகூடக் கனத்ததில்லை.

ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து, வால் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சிப் பானைக்குள்ள விழுந்துச்சுன்னா என்னட்டி செய்வோம்? அப்பாவும் ஊர்ல இல்ல" என்றாள் அமலி. பிள்ளை நிமிரவில்லை. அமலியின் குரல் இறங்கியது. "வால்தானட்டி போச்சு. வேற முளைச்சிரும்."

"முளைக்கிற வரைக்கும்?"

அமலி விளக்குமாற்றைக் கதவோரம் சாய்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கைபேசி காலண்டரைப் பார்த்துக் கூப்பிட்டது. "பல்லியே!" சத்தம் இல்லை. "ஒரு வார்த்தை பேசு." ஒன்றும் இல்லை. ஜெனிட்டாவும் காலண்டருக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். தொட்டால் பயந்துவிடும் என்று தொடாமலே இறங்கிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கக் கைபேசிக்கு வெட்கமாக இருந்தது. விளக்குமாற்றை எடுத்தது அமலி. கூப்பிட்டது யார் என்பது அந்த வீட்டில் கைபேசிக்கு மட்டும்தான் தெரியும்.

பல்லிகளைப் பற்றி அதனிடம் ஏராளமான செய்தி இருந்தது. எத்தனை வகை, எந்தெந்த நாட்டில், எத்தனை முட்டை, வால் எத்தனை நாளில் வளரும், எல்லாம் இருந்தது. காலண்டருக்குப் பின்னால் போன பல்லி உயிரோடு இருக்கிறதா என்ற ஒன்று மட்டும் எதிலும் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. முதல் பையன், "சிங்கம் காட்டு ராஜா" என்று ஆரம்பித்து ஐந்து வரி சொன்னான். அடுத்த பிள்ளையும் அதே ஐந்து வரியைச் சொன்னாள். மூன்றாவது பையனுக்கு நான்காவது வரி மறந்துபோனது. பின்னாலிருந்து அவன் அம்மா எடுத்துக் கொடுத்தது எல்லார் வீட்டிலும் கேட்டது. எல்லாம் ஜெனிட்டாவுக்குக் கைபேசி கொடுத்த அதே வரிகள். போன வாரமாக இருந்திருந்தால் அது பெருமைப்பட்டிருக்கும்.

"ஜெனிட்டா? இருக்கியாம்மா?" என்றார் எஸ்தர் டீச்சர்.

ஜெனிட்டா நோட்டைத் திறந்தாள். சிங்கத்தின் ஐந்து வரி அதில் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

"டீச்சர், எங்க வீட்ல ஒரு பல்லி இருக்கு."

யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"சும்மா இருங்க. நீ சொல்லும்மா."

"அதுக்குக் கண்ணுக்கு மூடி கிடையாது டீச்சர். கண்ணுல தூசி விழுந்தா நாக்கை நீட்டித் துடைச்சுக்கும். லைட்டுப் பக்கத்துல நிக்கும்போது வயிறு கண்ணாடி மாதிரி தெரியும். பூச்சி தின்னா உள்ள கறுப்பா இருக்கும். பசியா இருந்தா ஒண்ணும் தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வியாழக்கிழமைல இருந்து அது ஒண்ணும் தின்னல."

சிரிப்பு நின்றுவிட்டது.

"இதெல்லாம் எங்கம்மா படிச்ச?" என்று டீச்சர் கேட்டார்.

"படிக்கல டீச்சர். பாத்தேன்." அவள் கண் காலண்டருக்குப் போனது. "சனிக்கிழமை அதோட வால் போயிட்டு. அதுக்கப்புறம் காணும்."

"எப்படிப் போச்சு?"

ஜெனிட்டா வாயை மூடிக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு கைபேசிக்குத் தெரிந்தது. அமலி அங்கே வெங்காயம் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். இருபத்தாறு வீட்டிலும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அமலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நான்தான் டீச்சர் அடிச்சேன். சோத்துல விழுந்தா விஷம்னு சொல்லுவாங்கல்லா. பயந்துட்டேன்."

டீச்சர் சொன்னார்: "நம்ம ஊர்ப் பல்லிக்கு விஷம் கிடையாதும்மா. அசுத்தம், அவ்வளவுதான். சோத்தை மூடி வச்சாப் போதும்." பிறகு, "தெரிஞ்சிருந்தும் நானும் அடிச்சிருக்கேன்" என்றார்.

அமலி கைபேசியைக் கையில் எடுத்தாள். நாற்காலியில் ஏறி, காலண்டரின் ஓரத்தை ஒற்றை விரலால் லேசாகச் சுவரிலிருந்து விலக்கினாள். அந்த இடுக்கில் கைபேசியின் கண்ணை நீட்டினாள்.

இருட்டாக இருந்தது. கைபேசி விளக்கைப் போடவில்லை. இருக்கிற வெளிச்சத்திலேயே கண்ணை நன்றாக விரித்துப் பார்த்தது. முதலில் சுண்ணாம்பு தெரிந்தது. பிறகு பல்லியின் கால் விரல் ஒன்று. பிறகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த சின்ன உடம்பு. வால் இருந்த இடத்தில் மொட்டையாக ஒரு முனை. கழுத்துக்குக் கீழே ஏதோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மூச்சு விடுது! அம்மா, மூச்சு விடுது!" என்றாள் கீழே நின்று திரையை எட்டிப் பார்த்த ஜெனிட்டா.

அமலி காலண்டரை மெல்லப் பழைய இடத்தில் விட்டாள். இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு மேல் அன்று யாரும் ஐந்து வரி சொல்லவில்லை. ஒரு பையன் தன் வீட்டுக் குளியலறையில் தவளை இருக்கிறது என்றான். எறும்பு சர்க்கரையை விட்டுவிட்டுச் செத்த எறும்பைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்றாள் ஒருத்தி. சிங்கத்தில் நான்காவது வரி மறந்த பையன், எங்கள் கிழட்டு ஆடு அம்மாவைத் தவிர யார் போனாலும் முட்டும் என்று மூச்சுவிடாமல் பேசினான். அவனுக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மாவும் மகளும் படுத்திருந்தார்கள். கஞ்சிப் பானை தட்டுப் போட்டு மூடியிருந்தது. பல்லி காலண்டரின் ஓரத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"நான்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றது கைபேசி.

"ஆமாம்."

"சாப்பாடு கொடுப்பதற்காக இல்லை. அவள் உன்னைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை."

பல்லி உள்ளே போய்விடவில்லை.

கைபேசி நெடுநேரம் தயங்கியது. யார் எதைக் கேட்டாலும் நொடியில் பதில் எடுத்துத் தரும் அதற்கு, ஒன்றைக் கேட்பது எப்படி என்று தெரியவில்லை. கடைசியில் கேட்டுவிட்டது.

"வலித்ததா?"

"வலித்தது" என்றது பல்லி.

அது சரிதானா என்று கைபேசி வேறெங்கும் போய்த் தேடவில்லை.