நாக்கில்லாத மணி

உம் கொட்டிக்கொண்டே கேளுங்கள், கண்ணுகளா. ஆற்றுக்கே பெயர் வைக்காத காலத்தில் கொற்றனூர் என்று ஓர் ஊர். அங்கே கதிரேசப் பண்டிதர் என்று ஒரு வைத்தியர். காய்ச்சல் தீர்ந்தவர்கள் நன்றிக்கு அவர் வாசல் வேம்பில் ஆளுக்கொரு மணி கட்டுவார்கள். காற்றடித்தால் தெருவே கலகலக்கும்.

நெசவாளி வீட்டு வடிவுக்கு ஒரே மகள், சிட்டு. ஒருநாள் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பண்டிதர் கறுப்பு உருண்டை கொடுத்தார். “காய்ச்சல் இறங்கும்வரை சொட்டுத் தண்ணீர் காட்டாதே” என்றார்.

வறண்ட உதட்டோடு பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்றது. வடிவு தண்ணீர்ச் செம்பை எடுப்பாள், வைப்பாள். கொடுத்தால் மருந்து கெடுமோ? கொடுக்காவிட்டால் பிள்ளையே போய்விடுமோ?

“மரத்தைப் பாரு. இத்தனை மணியுமா பொய் சொல்லும்?” என்றான் புருஷன்.

மரத்தைப் பார்த்தாள். பிழைக்காத பிள்ளைக்கு யார் மணி கட்டுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

மணி கட்டிய வீடுகளில் கேட்டாள். “உருண்டைதான் காப்பாத்துச்சு” என்றார்கள்.

உருண்டையே வாங்காத வீடுகளில் கேட்டாள். “கஞ்சித் தண்ணிதான் ஊத்தினோம். அநேகமா எல்லாப் பிள்ளையும் எழுந்துடுச்சு. கஞ்சிக்கு எவன் மணி கட்டுவான்?” என்று சிரித்தார்கள்.

உருண்டை வாங்கியும் மணி கட்டாத வீடுகளுக்குப் போனாள். தெருவுக்குத் தெரு அப்படிக் கதவுகள், எல்லாம் சாத்தியே கிடந்தன. காத்தாயி ஒருத்திதான் திறந்தாள்.

“என் மவனும் தண்ணிதான் கேட்டான். பண்டிதர் சொல்லை மீறக்கூடாதுன்னு நான் கொடுக்கலை. இதை இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை, தாயி.”

சொல்லிவிட்டு அவளே உள்ளே போய்க் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தாள். இருவருமாகச் சொட்டுச் சொட்டாய்ப் புகட்டினார்கள். விடியும்போது சிட்டுவுக்கு வியர்த்தது. கண் விழித்துச் சிரித்தாள்.

வடிவு புருஷனிடம் இரண்டு மணி வாங்கிவரச் சொன்னாள். ஒன்றின் நாக்கைக் கழற்றிவிட்டு, காத்தாயியையும் அழைத்துப்போய் வேம்பில் கட்டினாள்.

“நாக்கைக் காணோமே, அம்மா?” என்றார் பண்டிதர்.

“இது காத்தாயி மகனுடைய மணி, ஐயா. என் பிள்ளை ஒருத்தி பிழைத்ததை வைத்தும் எதையும் முடிவுகட்ட வேண்டாம். எல்லா வீட்டையும் கேளுங்கள்.”

“திரும்பி வந்தவர்களை மட்டும்தானே நான் பார்த்தேன்” என்று பண்டிதர் காத்தாயியைப் பார்த்துக் கைகூப்பினார். அன்றே சாத்திய கதவுகளைத் தட்டப் புறப்பட்டார். கஞ்சி குடித்த வீடுகளையும் விடவில்லை. கேட்டு முடித்ததும் உருண்டையைக் கைவிட்டார். மரத்தில் நாக்கில்லாத மணிகள் நிறைந்தன. ஊரில் சாவு குறைந்தது.

இன்னொரு மணியைக் காத்தாயி வாசலில் கட்டினாள் வடிவு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சிட்டு அதை ஆட்டாமல் போகமாட்டாள். அந்தச் சத்தம் கேட்டால் காத்தாயி கதவு திறக்கும்.

ஆகையால், கண்ணுகளா, பிழைத்தவர் சொல்லை மட்டும் வைத்து மருந்தை நம்பாமல், திரும்பி வராதவர் வீட்டையும் மருந்தே உண்ணாதவர் வீட்டையும் சேர்த்துக் கேட்டு, அப்படி உண்மை சொன்னவருக்கு நன்றியோடு இருக்க வேண்டும்.