கூப்பிட்டால் வராத பூனை

குளக்கரை ஆலமரத்தடியில் ஒரு வெள்ளாடு இருந்தது. அதற்கு மிஞ்சியது ஒரே ஒரு குட்டி. நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்திருந்தது.

பார்க்க நல்ல இடம். தண்ணீருக்கு அலைய வேண்டாம். எவ்வளவு மழை பெய்தாலும் அடிமரத்தருகே ஒரு சொட்டு விழாது. மேலேயிருந்து விழுதுகள் திரைச்சீலை மாதிரி தொங்கும். ஆனாலும் அந்த ஆடு தினமும் பயத்தில் செத்துச் செத்துப் பிழைத்தது.

காரணம் இருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் மரத்தடியில் கூட இருந்த முயல் காணாமல் போனது. அப்புறம் ஆட்டின் மூத்த குட்டி போனது. நரி தூக்கியிருந்தால் ரத்தம் இருக்கும். சிறுத்தை என்றால் கால்தடம் இருக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. ஒரு கத்தல்கூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்த குட்டி, திரும்பிப் பார்த்தால் இல்லை. அவ்வளவுதான்.

எதிரி யாரென்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஆட்டுக்கு அதுவும் தெரியவில்லை. புல்லை மென்றுகொண்டே இருக்கும். திடீரென்று நிறுத்திவிட்டுக் காதை விடைக்கும். ஒன்றும் கேட்காது. மறுபடி மெல்லும். விழுங்கத்தான் முடியாது.

"எங்கேயாவது போயிடலாம்னு பார்க்கிறேன், காக்கா அண்ணே!" என்றது ஆடு.

"எங்கே போவே? அந்தப் பக்கம் பூரா நரி வளை! கைக்குட்டியை வச்சுக்கிட்டு!" என்றது காகம்.

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"துணைக்கு ஒரு பூனை வச்சுக்கோ. நமக்குக் கேட்காதது அதுக்குக் கேட்கும். நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும். நானே நல்ல இடமாப் பார்த்துக் கூட்டிட்டு வர்றேன்!"

காகத்துக்குத் தரகு வேலை என்றால் உயிர். கிளிக்கு வரன் பார்த்துக் கொடுத்ததும் அதுதான். அந்தக் கிளி இப்போது தனியாகத்தான் இருக்கிறது. அது வேறு கதை.

சொன்னபடியே காகம் இரண்டு பேரைக் கூட்டிவந்தது. ஒன்று வெள்ளை வெளேரென்ற குட்டிப் பூனை. பெயர் பஞ்சு. இன்னொன்று வயதான கடுவன் பூனை. ஒரு காது பாதிதான் இருந்தது. கூட இருந்த கிழ எருமை செத்ததிலிருந்து அதற்குப் போக்கிடம் இல்லை.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஆடு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் குட்டிப் பூனையிடம் கேட்டது.

"கூப்பிட்டா வருவியா?"

"வருவேன் அம்மா!"

"பக்கத்திலேயே படுப்பியா?"

"உங்க வயித்துமேலயே படுப்பேன் அம்மா!"

"பயப்படுவியா?"

"எதுக்குப் பயப்படணும் அம்மா?"

ஆட்டுக்கு மனசு குளிர்ந்தது. கடுவன் பக்கம் திரும்பியது.

"நீங்க எப்படி?"

"கூப்பிட்டா வரமாட்டேன்," என்றது கடுவன். "ஒட்டிக்கிட்டுப் படுக்க மாட்டேன். வாலைத் தொட்டாப் பிறாண்டுவேன். இடி இடிச்சா ஓடி ஒளிஞ்சுக்குவேன். மீன் நானே பிடிச்சுக்குவேன்."

காகம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "யோவ், ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லக் கூடாதா!"

"இருக்கிறதைச் சொன்னேன்."

சொல்லும்போது கடுவன் ஆட்டின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதன் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. முதுகு மயிர் மெல்ல எழுந்து நின்றது.

"இந்த மரம் சரியில்லை," என்றது.

"என்ன சரியில்லை?"

"தெரியலை. பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்."

ஆட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலெடுத்து வச்ச அன்னிக்கே என் வீட்டைக் குறை சொல்லுது! மூஞ்சியைப் பார்த்துப் பேசக்கூடத் தெரியலை! வளர்ந்த பூனை என்னைக்கு ஒட்டப் போகுது? குட்டியிலேர்ந்து வளர்த்தாத்தான் நம்ம சொல்படி கேட்கும். எனக்குப் பஞ்சு போதும்!"

கடுவன் எழுந்து நடந்தது. ஆனால் வெகுதூரம் போகவில்லை. குளத்தோரம் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து மரத்தையே பார்க்கத் தொடங்கியது.

மறுநாளும் பார்த்தது. அதற்கு மறுநாளும் பார்த்தது.

பஞ்சு ஆட்டுக்குச் செல்லமாகிவிட்டது. கூப்பிட்டால் ஓடிவந்தது. கருப்பட்டியோடு கட்டிப் புரண்டது. விழுதுகளில் தொங்கி ஊஞ்சலாடியது. ஆனால் ஆட்டின் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. எந்நேரமும் இரண்டு மஞ்சள் கண்கள் பாறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

"நல்லவன் எதுக்கு இப்படி வெறிச்சுப் பார்க்கணும்?" என்று காகம் வேறு ஓதியது. "நோட்டம் விடுது!"

ஆட்டுக்குச் சந்தேகம் வந்தது. முயலையும் மூத்த குட்டியையும் கொண்டுபோனது இந்தக் கடுவன்தானோ! ஒளிந்து ஒளிந்து வந்து போனதோ! நினைக்க நினைக்க அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாறைக்கு ஓடியது.

"என் பிள்ளையைத் தின்னதும் இல்லாம, இவனையும் பார்க்கிறியா? போ! கண்காணாத இடத்துக்குப் போ!"

முட்டியதில் கடுவன் பாறையிலிருந்து உருண்டு சேற்றில் விழுந்தது. எழுந்து உடம்பை நக்கிக்கொண்டது. ஆடு திரும்பிப் போனதும் மறுபடி பாறைமேல் ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் பஞ்சு விழுதிலிருந்து குதித்து ஓடிவந்தது.

"அம்மா! அந்த விழுது ஜில்லுன்னு இருக்கு!"

"மழை பெய்ஞ்சா விழுது ஜில்லுன்னுதான் இருக்கும். பேசாம தூங்கு!"

பஞ்சு உடனே தூங்கிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஆடுதான் தூங்கவில்லை. பாறைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, முதுகை மரத்துக்குக் காட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வானம் கறுத்தது. கருப்பட்டி விளையாடிய அலுப்பில் மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தது. பஞ்சு அதன் வயிற்றில் தலைவைத்துக் குறட்டை விட்டது. ஆடு கொஞ்சம் தள்ளி நின்று பாறையை முறைத்தது.

கடுவன் எழுந்து நின்றுவிட்டது. வால் தடித்திருந்தது. உடம்பு வில்லாக வளைந்திருந்தது. வாயிலிருந்து ஓர் உறுமல் வந்தது.

'பாயப் போகிறது!' என்று நினைத்தது ஆடு. கொம்பைத் தாழ்த்தியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கண்கள் தன்னைப் பார்க்கவில்லை. கருப்பட்டியையும் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே பார்த்தன. இத்தனை நாளும் அங்கேதான் பார்த்திருக்கின்றன.

ஆடு மெல்லத் திரும்பிப் பார்த்தது.

காற்று அடித்தது. எல்லா விழுதுகளும் ஆடின.

ஒன்று மட்டும் ஆடவில்லை.

மற்ற விழுதுகளைப் போலவே அதுவும் பழுப்பாக இருந்தது. திட்டுத்திட்டாகப் பாசி படிந்த மாதிரி இருந்தது. கருப்பட்டியின் தலைக்கு நேர் மேலே, ஒரு முழம் உயரத்தில் அதன் நுனி நின்றது. அந்த நுனியில் ஒரு கண் இருந்தது. அந்தக் கண் இமைக்கவில்லை.

மலைப்பாம்பு!

ஆடு கத்த வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கால்கள் மண்ணில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டன. நுனி இறங்கியது. ஒரு சாண். இன்னும் கொஞ்சம்.

அந்த நேரம் பார்த்து வானம் பிளந்த மாதிரி ஓர் இடி இடித்தது!

'இடி இடிச்சா ஓடி ஒளிஞ்சுக்குவேன்' என்று சொன்ன கடுவன் ஓடத்தான் செய்தது. ஆனால் மரத்தை நோக்கி ஓடிவந்தது! காதுகள் பிடரியோடு ஒட்டியிருந்தன. உடம்பெல்லாம் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே வந்து கருப்பட்டியின் பின்தொடையில் ஒரே பிறாண்டு!

"அம்மே!" என்று அலறிக்கொண்டு கருப்பட்டி எகிறியது. மலைப்பாம்பின் வாய் வெறும் மண்ணில் வந்து மோதியது. கடுவன் பஞ்சுவின் பிடரியைக் கவ்விக்கொண்டு தாவியது. அதற்குள் பாம்பின் முழு உடம்பும் மேலேயிருந்து தொப்பென்று விழுந்தது. அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரும் நீளம்! இத்தனை நாளும் அதன் நிழலில்தான் ஆடு படுத்திருந்தது.

"ஓடு!" என்றது கடுவன், வாயில் பஞ்சுவோடு.

ஆட்டுக்கு அப்போதுதான் கால் வந்தது.

பாறைக்கு அடியில் ஒரு குடைவு இருந்தது. எல்லோரும் அதற்குள் ஒண்டினார்கள். மழை முகத்தில் தெறித்தது. கருப்பட்டி தொடையை நக்கிக்கொண்டு விசும்பியது. கடுவன் மூலையில் சுருண்டுகொண்டது. ஒவ்வொரு இடிக்கும் அதன் உடம்பு தூக்கிப்போட்டது.

"ஏன் முன்னாடியே சொல்லலை, அண்ணே?" என்றது ஆடு.

"சரியில்லைன்னு சொன்னேன். என்னன்னு எனக்கே இன்னிக்குக் காத்தடிச்சப்போதான் தெரிஞ்சது."

"உங்களை முட்டித் தள்ளினேனே!"

"ஆமா. இடுப்பு இன்னும் வலிக்குது."

ஆடு தலையைக் குனிந்துகொண்டது. பிறகு மெல்லக் கேட்டது. "எங்ககூட இருப்பீங்களா?"

"ஒட்டிக்கிட்டுப் படுக்க மாட்டேன்."

"வேண்டாம்."

"கூப்பிட்டா வரமாட்டேன்."

"கூப்பிடாமலேயே வந்தீங்களே, அண்ணே!"

கடுவன் இடுப்பை நக்கிக்கொண்டது. எழுந்து போகவில்லை.

பஞ்சுவும் பாறைக் குடைவில் அவர்களோடுதான் வளர்ந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கடுவனின் பக்கத்தில் உட்கார்ந்து தானாகவே பழகிக்கொண்டது. காகம் சில நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆலமரம் அப்படியேதான் நிற்கிறது. அந்தப் பாம்பு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. காற்றடிக்கும் நாட்களில் ஆடு இன்னமும் மெல்லுவதை நிறுத்திவிடும். ஆனால் இப்போதெல்லாம் அது காதை விடைப்பதில்லை. முதலில் கடுவனின் கண்ணைப் பார்க்கும். பிறகு அந்தக் கண் பார்க்கும் திசையைப் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே விழுங்கும்.

நம் முகத்தைப் பார்த்துக் கொஞ்சும் கண்ணைவிட, நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கும் கண்ணே நல்ல துணை.