எண்ணெய் தடவிய ஆறு புத்தகங்கள்

முன்னொரு காலத்தில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மிளகுத் தோட்டமுமாக இருந்த ஒரு ராஜ்யத்தில், ஓலையில் ஏறாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்பிய ஒரு ராஜா இருந்தார். செண்பகவர்மர் என்று பெயர். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு எண்ணம் அவர் தலைக்குள் புகுந்துவிட்டால் அதை இறக்கி வைக்க அரண்மனையில் ஆள் கிடையாது. அந்த வருஷம் புகுந்தது சுவடி. சமையற்காரன் புளிக்குழம்பு வைக்கும் பக்குவம், யானைகளின் பெயர்கள், மகாராணி தும்மிய நாட்கள் எல்லாம் ஓலையில் எழுதப்பட்டு அரண்மனைச் சுவடிச்சாலையில் வரிசையாக அடுக்கப்பட்டன.

சுவடிச்சாலைக்குத் தலைவர் வாகீச பண்டிதர். நிறையப் படித்தவர். படிப்புக்குச் சமமாகப் பொறாமையும் வைத்திருந்தார். அந்தப் பொறாமை முழுவதும் ஒரே ஆள் மேல்தான், அவன் அசரியா. துறைமுகத்தை ஒட்டிய யூதக் குடியில் பிறந்தவன். மேற்கிலிருந்து வரும் கப்பல்காரர்களின் பேச்சை ராஜாவுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி. பேச்சோடு பேச்சாக ராஜாவைச் சிரிக்க வைப்பதால் சபையில் அவன்தான் விகடகவி. பண்டிதர் ஒரு சுலோகத்தைச் சொல்லி விளக்கி முடிப்பதற்குள் ராஜா கொட்டாவி விடுவார். அசரியா வாயைத் திறந்தாலே ராஜாவின் மீசை துடிக்கும். பண்டிதருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவருக்கு ஒரு நாள் வாய்ப்பு வந்தது.

அசரியாவின் தங்கை ரிப்காள். அவள் புருஷன் கப்பலோடு போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. புயலில் கப்பல் கவிழ, தப்பிக் கரை சேர்ந்து இப்போதுதான் ஊர் திரும்பியவன் ஓபேத் என்கிற ஒரே மாலுமி. அவன் யூதக் குடியின் குருவிடம் போய் அழுதான். அந்தக் குருவை அவர்கள் ரபி என்பார்கள். "அவன் கையில கயிறு. மறு நுனி என் கையில. என் கைதான் வழுக்கிருச்சு ஐயா. அவன் செத்ததை நான் பார்த்தேன்." ரபி அந்த ஒரு சாட்சியை ஏற்று, ரிப்காள் மறுமணம் செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஏசாயா என்ற பாத்திரக் கன்னானுக்கும் அவளுக்கும் நிச்சயமும் ஆயிற்று.

பண்டிதர் சபையில் எழுந்தார். "மகாராஜா, யூதர்களின் வேதச் சுருளை ஒரு வர்த்தகரைக் கொண்டு படித்து அறிந்தேன். எதற்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இவர்கள் குரு ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். கேட்டால், வாய்மொழியாக வேறொரு சட்டம் இருக்கிறதாம். எழுதாத சட்டம் ஒரு சட்டமா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அசரியா, அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?"

"இருக்கிறது, மகாராஜா. எழுதிய வேதத்துக்கு எப்படி அர்த்தம் சொல்வது, அதை வைத்து எப்படி வாழ்வது என்பதெல்லாம் அதில் அடக்கம். குரு சொல்லச் சீடன் கேட்டு, தலைமுறை தலைமுறையாக வந்தது. அதை எழுதக் கூடாது என்பது எங்கள் முன்னோர் போட்ட கட்டு."

"என் ராஜ்யத்துச் சட்டங்கள் எல்லாம் என் சுவடிச்சாலையில் இருக்க வேண்டும். பௌர்ணமிக்குள் உங்கள் வாய்மொழிச் சட்டப் புத்தகம் அங்கே வந்து சேரட்டும். வராவிட்டால் அது சட்டமில்லை. உன் தங்கையின் நிச்சயமும் செல்லாது. உங்கள் குருவும் இனித் தீர்ப்புச் சொல்லலாகாது."

பண்டிதர் அன்று சாப்பாட்டில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் கொண்டார்.

அசரியா வீட்டுக்கு வந்தபோது ரிப்காள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள், அழவில்லை. "அண்ணா, அஞ்சு வருஷமா நான் பொண்டாட்டியும் இல்ல, விதவையும் இல்ல. இனிமேலும் இப்படியேதான்னா அதையும் சொல்லிடு. ஆனா எனக்காக யாரும் முன்னோர் போட்ட கட்டை மீறி எழுத வேண்டாம்."

அசரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "எழுத மாட்டோம். ஆனா புத்தகம் சுவடிச்சாலைக்குப் போகும். உன் கல்யாணமும் நடக்கும்" என்றான். சொன்னதை விடுகிற ஆள் இல்லை அவன்.

பௌர்ணமி அன்று காலை அசரியா சுவடிச்சாலை வாசலில் வந்து நின்றான். பின்னால் ஆறு ஆண்கள். அவர்களில் மூன்றாவதாக நின்றவர் பினேகாசு. செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுபவர், தொந்தியும் வியர்வையுமாக இருந்தார்.

"புத்தகம் எங்கே?" என்றார் பண்டிதர்.

"இதோ. எங்கள் சட்டம் ஆறு பகுதி. ஒவ்வொருவரும் ஒரு பகுதியை ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தவர். பினேகாசு மூன்றாம் பகுதி. கல்யாணச் சட்டம் இவருக்குள் இருக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொந்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கொஞ்சம் பெரிய பகுதி."

ராஜாவே வந்து பார்த்தார். மீசை துடித்தது. "புத்தகத்தைக் கேட்டேன்; ஆளைக் கேட்கவில்லையே."

"மகாராஜா, ஓலையில் எழுதியது ஓலையில் இருக்கும். வாயில் உள்ளது வாயில்தானே இருக்கும்? வாயைத் தனியே கழற்றிக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை."

ராஜா சிரித்துவிட்டார். பண்டிதர் விடவில்லை. "மகாராஜா, புத்தகம் என்றால் இன்று சொன்னதையே நாளையும் சொல்ல வேண்டும். நாற்பது நாள் இவர்கள் இங்கே இருக்கட்டும். ஒரு சொல் மாறினாலும் இது புத்தகமல்ல."

"அப்படியே ஆகட்டும். நாற்பதாம் நாள் தீர்ப்பு" என்றார் ராஜா.

"சம்மதம். ஆனால் சுவடிச்சாலை விதிகளைப் பண்டிதர் இவர்களுக்கும் கடைப்பிடிக்க வேண்டும்" என்றான் அசரியா.

அந்த விதிகளை எழுதியவர் பண்டிதரேதான். ஒவ்வொரு சுவடியையும் பட்டுத்துணியில் சுற்ற வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பூச்சி வராமல் புல்தைலம் தடவ வேண்டும். வாரம் ஒரு தடவை இளவெயிலில் காட்ட வேண்டும். ராஜமுத்திரை இல்லாமல் எந்தப் புத்தகமும் வெளியே போகக் கூடாது. ஆக, பண்டிதரின் ஆட்கள் ஆறு பேருக்கும் பட்டு போர்த்தி, இளவெயிலில் உட்கார வைத்து, முதுகில் எண்ணெய் தேய்த்தார்கள். மதியம் யூதக் குடியிலிருந்து அவர்கள் முறைப்படி சமைத்த சோறு வந்தது.

"புத்தகத்துக்குச் சோறா?" என்று பல்லைக் கடித்தார் பண்டிதர்.

"உங்கள் புத்தகத்தைப் பூச்சி தின்கிறது. எங்கள் புத்தகம் தானே தின்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான் அசரியா.

வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்ததும், அவர்களுடைய ஓய்வுநாள் என்பதால், ஆறு புத்தகங்களும் வேலையை மூடிக்கொண்டன. சனிக்கிழமை சாய்ந்த பிறகுதான் திறந்தன. மற்ற நாட்களில் பண்டிதர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். காலையில் கேட்டதையே மாலையில் கேட்டார், நடுவில் தொடங்கிக் கேட்டார். ஒரு சொல் பிசகவில்லை. "இந்த இடத்தில் ஒரு குரு ஆம் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். இது முரண் அல்லவா?" என்று ஒருநாள் துள்ளினார்.

பினேகாசு நிதானமாகப் பதில் சொன்னார். "தோத்தவரு சொன்னதையும் நாங்க தூக்கிப் போடறதில்ல சாமி. நாளைக்கு ஒருத்தனுக்கு அது தேவைப்படும். ரெண்டையும் சொல்லணும்."

முதல் தடவை எண்ணெய் தேய்த்த அன்றே பினேகாசு முகர்ந்து பார்த்து முகம் சுளித்திருந்தார். "சாமி, நான் செக்கு ஆட்டுறவன். இது வெறும் தேங்காயெண்ணெய். புல்தைலம் பேருக்குத்தான் இருக்கு. இதுக்கு ஒரு பூச்சியும் பயப்படாது."

"புத்தகம் பேச வேண்டியதை மட்டும் பேசட்டும்" என்று பண்டிதர் வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு முழங்கால் வலி. அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வரும் நல்ல தைலம் எங்கே போனது என்று அந்த முழங்கால்களைக் கேட்டால் சொல்லும்.

கேள்வியில் தோற்ற பண்டிதர் வேறு வழியில் அவர்களைச் சிறுமைப்படுத்த நினைத்தார். தினமும் காலையில் அவர்கள் எதிரே அரண்மனை ஓலைகளை உரக்க வாசிக்கச் செய்தார். பழைய சாசனங்கள், உடன்படிக்கைகள், எல்லாம். சில ஓலைகள் வாசிக்கும்போதே பூச்சி அரித்து உதிர்ந்தன. "கேளுங்கள், இதுதான் புத்தகம்" என்பார். ஆறு பேரும் கேட்டார்கள். கேட்டதை நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது அவர்களுடைய பழக்கம். அந்த முணுமுணுப்பைப் பண்டிதர் கேலி என்று நினைத்துக் கோபப்பட்டார்.

முப்பத்தெட்டாம் நாள் பக்கத்து ராஜ்யத்துத் தூதர் வந்து இறங்கினார். "முத்துத்தீவு எங்களுடையது. உங்களுடையது என்றால் உங்கள் பாட்டனார் காலத்து உடன்படிக்கையைக் காட்டுங்கள்" என்றார்.

ராஜா சிரித்துக்கொண்டே பண்டிதருக்குக் கண் காட்டினார். பண்டிதர் ஓலைக்கட்டை எடுத்துவந்து, சபை நடுவில் பட்டுத்துணியை அவிழ்த்தார். உள்ளே இரண்டு மரச்சட்டமும் ஒரு பிடி தூளும் இருந்தன. தூளிலிருந்து ஒரு பூச்சி நிதானமாக ஊர்ந்து இறங்கிப் போயிற்று. சபையோர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தூதர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டார்.

அசரியா முன்னே வந்தான். "மகாராஜா, அந்த ஓலை சுவடிச்சாலையில் இன்னொரு பிரதியாக இருக்கிறது. அழைத்து வரட்டுமா?"

பட்டுப் போர்வையோடு பினேகாசு வந்து நின்றார். கண்ணை மூடினார். வருஷம், மாதம், கையெழுத்திட்டவர்கள், தீவின் நாலு எல்லை என்று ஆற்றொழுக்காகச் சொல்லிக்கொண்டே போனார். தீவு செண்பகவர்மரின் பாட்டனாருடையது என்று வந்தது. சபை நிம்மதியாக மூச்சு விட்டது. பினேகாசு நிறுத்தவில்லை. "இதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் தை மாதம் ஒரு கொம்பன் யானையை எதிர்த்தரப்பு மன்னருக்கு அனுப்புவோமாக."

ராஜா திடுக்கிட்டார். அப்படி ஒரு யானையை அனுப்பியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"இது ஒரே ஆளின் வாய்ப்பேச்சு. உங்களுக்காக இவர் இட்டுக்கட்டியது" என்றார் தூதர்.

"எங்களுக்காக இட்டுக்கட்டியவர் யானையை ஏன் சேர்க்கிறார்?" என்று அசரியா பணிவாகக் கேட்டான். "தமக்கு நஷ்டம் தருவதையும் சொல்லும் வாய் ஒன்று போதாதா? ஐயமிருந்தால் உங்கள் பையில் உள்ள பிரதியைப் பிரியுங்கள். யானையைக் கேட்க வேண்டும் என்றாலும் அதைப் பிரித்துத்தானே ஆக வேண்டும்?"

தூதருக்கு வேறு வழி இல்லை. யானை ஆசையும் இருந்தது. பிரித்தார். அவர் வாசிக்க, பினேகாசு கூடவே சொன்னார். இரண்டு பிரதியையும் எழுதிய எழுத்தர் ஓர் இடத்தில் கை தவறி 'வடக்கே' என்பதை இரண்டு தடவை எழுதியிருந்தார். பினேகாசும் அங்கே இரண்டு தடவை சொன்னார். தூதர் ஓலையை மடித்து வைத்து, தீவு உங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்.

அவர் யானையோடு விடைபெற்றதும் ராஜா கேட்டார். "பினேகாசு, அந்த யானை வரியை மட்டும் விழுங்கியிருக்கலாமே?"

"புத்தகம் சோறு திங்கலாம் மகாராஜா. வரியைத் திங்கக் கூடாது."

ராஜா தலையசைத்தார். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினார். "பண்டிதரே, இன்று நம் தீவுக்கு எத்தனை சாட்சி?"

"ஒன்று, மகாராஜா."

"அந்த ஒன்று ஏன் போதுமாயிருந்தது?"

"நமக்கு நஷ்டமானதையும் சேர்த்துச் சொன்னதால், மகாராஜா." அசரியா முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல் பேசினான். "மகாராஜா, ஓபேத் என்ற மாலுமி என் கைதான் வழுக்கியது என்று தன் மேல் பழி போட்டுக்கொண்டு சாட்சி சொன்னான். வாழ்நாள் எல்லாம் ஒரு பெண்ணைக் கடலைப் பார்க்க வைக்கக் கூடாது என்றுதான், இந்த ஒன்றில் எங்கள் பெரியவர்கள் ஒரே சாட்சியை ஏற்றார்கள்."

"அவனும் யானையைச் சொன்னவன்தான்" என்றார் ராஜா. "நாற்பதாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் சட்டம் சட்டமே. அது அதன் இடத்திலேயே, உங்கள் வாயிலேயே இருக்கட்டும். பண்டிதரே, நீர் பினேகாசின் எதிரே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அந்த உடன்படிக்கையைத் திரும்ப எழுதும். அது எழுதலாம் அல்லவா, அசரியா?"

"தாராளமாக. அது உங்கள் ஓலை, மகாராஜா. ஆனால் இத்தனை சுவடி இருந்தும் ஓர் இடத்தில் மட்டும் பூச்சியே அண்டவில்லை. அதையும் கவனித்தீர்களா?"

"எந்த இடத்தில்?"

"பண்டிதரின் முழங்காலில்."

ராஜா முகர்ந்து பார்த்தார். புல்தைல வாசனை கும்மென்று அடித்தது. சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. சுவடிச்சாலைக்கு இனிப் பினேகாசின் செக்கிலிருந்துதான் எண்ணெய் என்று உத்தரவாயிற்று. பண்டிதரின் முழங்காலுக்கும் ஒரு குடுவை சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவு நல்ல மனிதர். அசரியாவுக்கு அவர் கொடுத்த பரிசு ஆறு முத்திரைகள். ஒவ்வொரு புத்தகத்தின் பட்டுப் போர்வையிலும் ராஜாவே ஒன்று குத்தி வழியனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை ரிப்காளுக்குக் கல்யாணம். மணப்பந்தலின் நாலு கால்களை நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்பது அவர்கள் வழக்கம். அதில் ஒரு காலைப் பிடிக்க ரிப்காளே ஓபேத்தைக் கூப்பிட்டாள். அவன் தயங்கித் தயங்கி வந்தான். சடங்கு முடியும்வரை அந்தக் கை கொஞ்சமும் வழுக்கவில்லை.