நடுவில் நிறுத்தாத பதிகம்

"தாயே, என் மகள் ஊமையாகிவிடுவாளோ?"

கேட்டவர் திருமேனி ஓதுவார். கோயிலில் பதிகம் பாடுகிறவர். வயது நாற்பத்தாறு. மடியில் எட்டு மாதக் குழந்தை. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பெற்றது.

மடத்துத் தாழ்வாரத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார் செங்கமலத்தம்மை. ஓதுவாரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

"காது கேட்கிறதா?"

"மணி அடித்தால் திரும்புகிறாள். நான்கு மாதத்தில் 'ங்கு, ங்கு' என்றாள். இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பசித்தால் அழுவாள். அதற்கு மேல் ஒரு சத்தம் இல்லை."

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"நான் ஒரு குறையும் வைக்கவில்லை. விடிந்தது முதல் தொட்டிலருகே உட்கார்ந்து பாடுகிறேன். நல்ல தமிழ் காதில் விழட்டும் என்றுதான். வீட்டுக்காரிக்குக் கேலி. 'உங்க சத்தத்துல நம்ம வீட்டுப் பல்லிகூட வாயைத் திறக்கல' என்கிறாள்."

"பாடும்போது குழந்தை 'ங்கு' என்றால்?"

"பதிகத்தைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாதே, தாயே."

"ம்" என்றார் அம்மை. ஒரு கொத்தை எடுத்தார்.

"இந்த முருங்கை போன வருடம் நட்டது, ஓதுவாரே."

"அப்படியா? குழந்தையை வைத்தியரிடம்..."

"கம்பளிப்பூச்சி வந்துவிட்டது. சாம்பல் தூவினேன்."

"நல்லது. நான் கேட்க வந்தது..."

"சாம்பலுக்கும் போகவில்லை. மரமெல்லாம் ஏறிவிட்டது."

ஐந்து முறை ஓதுவார் வாயெடுத்தார். ஐந்து முறையும் கம்பளிப்பூச்சி குறுக்கே வந்தது. ஆறாவது முறை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"ஏன் பேச்சு நின்றுவிட்டது? ஊமையாகிவிட்டீர்களா?"

ஓதுவாருக்குச் சுருக்கென்றது.

"நீங்கள் இடம் கொடுத்தால்தானே நான்..."

பாதியில் நிறுத்தினார். குனிந்து மடியைப் பார்த்தார்.

அம்மையும் பேசவில்லை. கீரை உருவும் ஓசைகூட இல்லை.

வெகுநேரம் கழித்து மடியிலிருந்து வந்தது: "ங்...கு."

ஓதுவார் பழக்கத்தில் தொண்டையைக் கனைத்தார். அம்மை ஒரு கீரைக்காம்பை உயர்த்திக் காட்டினார்.

ஓதுவார் பாட்டை விழுங்கிக்கொண்டார்.

"அப்படியா, கண்ணு?" என்றார் மெதுவாக.

குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. இரண்டு காலையும் உதைத்தது.

"ங்கு... ப்பூ... ங்ங்கா!"

ஓதுவாரின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்புறம்?" என்று கேட்டுவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டார்.