லத்திக்கு வேலி போட்ட கரண்டிக்குளம்

கரண்டிக்குளத்துக்கு எப்படிப் போவது என்று எங்களைக் கேட்டுவிடாதீர்கள். நாங்கள் சரியாகத்தான் வழி சொல்வோம். என்னவோ தெரியவில்லை, கேட்டவர்கள் எல்லாம் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட எங்கள் ஊரிலேயே மூன்று பேரைக் காட்டி, "இவங்க கொஞ்சம் மந்தம்" என்று நாங்கள் சொல்லுவோம் என்றால், அந்த மூவரின் தகுதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மூவரும் குதிரை வண்டிக்காரர்கள். ரயிலடிக்கு எதிரே வேப்பமரத்தடியில் அவர்களுடைய வண்டி ஸ்டாண்டு. மூத்தவன் சடையாண்டி, அடுத்தவன் மீரான், இளையவன் காத்தமுத்து. சடையாண்டிதான் தலைவன். தன் மூளையின் அளவு அவனுக்கு நன்றாகவே தெரியும். "தலைப்பா கட்ட ஒரு எடம் வேணும்லா, அதுக்குத்தான் சாமி எனக்குத் தலைய வச்சிருக்கு" என்பான். மற்ற இருவரும் அந்தத் தலைப்பாவையும் கட்டத் தெரியாதவர்கள் என்பதால் அவனைத் தலைவனாக்கியிருந்தார்கள்.

சடையாண்டியின் குதிரைக்கு ராணி என்று பெயர். வயதான பெட்டைக் குதிரை. ஓடச் சொன்னால் நடக்கும், நடக்கச் சொன்னால் நிற்கும், நின்றால் லத்தி போடும். இந்தக் கடைசி வேலையில் மட்டும் ராணியை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

ஒருநாள் காலை கொள்ளுக்கடை பால்வண்ணம், சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டைக் கொள்ளோடு கடைவீதியில் வந்துகொண்டிருந்தார். ராணி போட்டுவிட்டுப் போன லத்தியில் முன்சக்கரம் ஏறியது. சைக்கிள் ஒரு பக்கம், பால்வண்ணம் ஒரு பக்கம், கொள்ளு எல்லாப் பக்கமும் போயிற்று. திரும்பி வந்த ராணி சிந்திய கொள்ளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, அங்கேயே நின்று இன்னொரு முறை லத்தி போட்டது. பால்வண்ணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராகப் பேரூராட்சி ஆபீசுக்குப் போய்விட்டார்.

அதிகாரி தெய்வசிகாமணி ஸ்டாண்டுக்கு வந்தார். பக்கத்து டவுனிலிருந்து ரயிலில் வந்து போகிற மனிதர். சத்தம் பெரிது, பொறுமை சிறிது.

"என்னய்யா, ரோடு உங்க மூணு பேருக்கு மட்டுமா? சைக்கிள்ல வர்றவன், நடந்து வர்றவன், பிள்ளையத் தூக்கிட்டு வர்றவ எல்லாருக்கும் பொது. பின்னால வர்றவங்கள நெனச்சுப் பாக்க வேண்டாமா? இனிமே ரோட்டுல கெடக்கிற லத்திய யாரும் மிதிக்கக் கூடாது. இன்னொரு ஆள் வழுக்கி விழுந்தான்னா, அன்னைக்கே ஸ்டாண்டு காலி!"

சடையாண்டி ராணியைத் திரும்பிப் பார்த்தான். ஸ்டாண்டு போனால் சவாரி இல்லை. சவாரி இல்லாவிட்டால் ராணிக்குத் தீனி இல்லை, விற்கத்தான் வேண்டும். இந்த வயதில் ராணியை வாங்குகிறவன் வண்டி இழுக்க வாங்கமாட்டான், தோலுக்குத்தான் வாங்குவான். சடையாண்டிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. காலையில் எழுந்ததும் அவனைப் பார்த்துத் தலையாட்டுகிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான். அதிகாரி போனபிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதான். பிறகு மூவரும் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

"யாரும் மிதிக்கக் கூடாதுன்னாரு. யாரும்னா யாரெல்லாம்?" என்று மீரான் ஆரம்பித்தான்.

"மனுசங்க எல்லாரும்."

"கோழி மிதிச்சா?"

சடையாண்டி தலைப்பாவை அவிழ்த்து, தலையைச் சொறிந்து, மறுபடி கட்டினான். "யாரும்னு பொதுவாச் சொன்னாரு. கோழியத் தனியா விலக்கி வைக்கலியே. அதையும் விடக் கூடாது."

"ஈ?"

"ஈ உக்காரும், மிதிக்காது."

இந்த நுட்பமான பதிலைக் கேட்டு மற்ற இருவரும் தலைவனைப் பெருமையோடு பார்த்தார்கள். சடையாண்டிக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மறுநாள் கண்மாய்க்கரையிலிருந்து கருவேல முள்ளை வெட்டி வந்து, ரோட்டில் லத்தி கிடந்த இடமெல்லாம் சுற்றிலும் வேலி போட்டார்கள். காத்தமுத்து தன் சிவப்புத் துண்டைக் கிழித்து ஒவ்வொரு வேலியிலும் கொடி கட்டினான். வேலிக்கு ஒரு ஆள் காவல் நின்றார்கள். ஆனால் வேலிகள் மூன்றுக்கு மேல் போய்விட்டதால், ஒருவனே இங்கும் அங்கும் ஓடவேண்டியிருந்தது. அவர்கள் ஓடும் நேரத்தில் குதிரைகள் தாமாக உலாவிப் புதிய இடங்களில் வேலை வைத்தன.

ரயிலிலிருந்து ஒரு அம்மாள் பெட்டியும் படுக்கையுமாக இறங்கி வந்து, "வண்டி வருமாப்பா?" என்று கேட்டாள்.

"வராதும்மா. நான் லத்திக்குக் காவல் இருக்கேன்" என்றான் சடையாண்டி.

அந்த அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் அவனுக்குப் புரிந்தது. வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழகிய பார்வைதான்.

உச்சிவேளைக்குள் கடைவீதி முழுவதும் முள்வேலி. டவுன் பஸ் உள்ளே வரமுடியாமல் ஹாரனை அடித்துக்கொண்டு நின்றது. தகவல் கேட்டு அதிகாரி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"என்னய்யா இது அக்கிரமம்?"

"யாரும் மிதிக்கலீங்கய்யா" என்று சடையாண்டி கைகட்டிச் சொன்னான். "ஒரே ஒரு கோழி வந்துச்சு. அதையும் மீரான் வெரட்டிட்டான்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "மொதல்ல முள்ளை எடு! லத்திய அள்ளு! அள்ளி, எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே கொண்டுபோய்ச் சேத்துரு! ரோட்டுல ஒரு துளி இருக்கக் கூடாது. பஸ்ஸு பாரு, வழியில்லாம நிக்குது. எதிர்ல ஒரு வண்டி வந்தா ஒதுங்கி வழிவிடணும். அவங்க போனதுக்கப்புறந்தான் நீங்க போகணும். இந்த மரியாதைகூடத் தெரியாதா? சந்தை அன்னைக்கு வந்து பாப்பேன்!"

முள்ளை எடுத்தார்கள், லத்தியைச் சாக்கில் அள்ளினார்கள். சாக்கை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஆலோசனை நடந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சு?" என்றான் சடையாண்டி.

"குதிரைகிட்டேர்ந்து" என்றான் காத்தமுத்து.

மூவரும் குதிரைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ராணி காதை மடக்கிக்கொண்டது.

"அங்க சேக்கிறது கஷ்டம். ஒதைக்கும்" என்றான் மீரான். "அண்ணே, குதிரைக்கு அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"கொள்ளுலேர்ந்து."

"கொள்ளு?"

"பால்வண்ணம் மொதலாளி கடையிலேர்ந்து!"

இவ்வளவு தெளிவாக ஒரு விஷயத்தை அவர்கள் மூவரும் சேர்ந்து கண்டுபிடித்தது அதுவே முதல்முறை. சந்தோஷத்தில் காத்தமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் கொள்ளுக்கடை வாசலில் கொட்டினார்கள்.

பால்வண்ணம் கல்லாவிலிருந்து துள்ளி எழுந்தார். "அடப் பாவிகளா! என்னடா இது?"

"ஒங்க கொள்ளுதான் மொதலாளி. கொஞ்சம் உருமாறிப் போச்சு" என்றான் சடையாண்டி.

"எங்கிட்ட ஏண்டா கொண்டாந்தீங்க?"

"அதிகாரி உத்தரவு மொதலாளி. வந்த எடத்துலயே சேக்கச் சொல்லிட்டாரு."

அதிகாரி உத்தரவு என்றதும் பால்வண்ணம் மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார். சந்தை நாளில் அதிகாரி வரட்டும், அவரிடமே நியாயம் கேட்டுக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். அதுவரை தினமும் காலையும் மாலையும் சாக்கு வந்துகொண்டே இருந்தது. கடை வாசலில் குவியல் அவர் இடுப்புக்கு வளர்ந்தது.

சந்தை நாளில் அதிகாரி வந்தார். கடைவீதியைப் பார்த்ததும் அவருக்கே நம்ப முடியவில்லை. ரோட்டில் ஒரு துளி லத்தி இல்லை. கொள்ளுக்கடை இருந்த சந்துக்குள் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"பரவாயில்லையே! சொன்னா கேக்குற ஆளுங்கதான்யா நீங்க. ஸ்டாண்டு இருக்கட்டும், போங்க" என்றார். சந்தை வேலையெல்லாம் முடித்துவிட்டு, திரும்பும்போது ராணி வண்டியிலேயே ஏறிக்கொண்டார். "சாயங்கால ரயிலைப் பிடிக்கணும். கொஞ்சம் வெரசா விடு."

சடையாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஐயா, கொஞ்சம் முன்னால நகந்து உக்காருங்க, பின்பாரமா இருக்கு" என்று உரிமையோடு சொல்லி, வண்டியைக் கிளப்பினான். ராணியை இனி விற்கவேண்டாம் என்று நினைக்க நினைக்க அவனுக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடவும் பாடினான். அதிகாரி அதையும் பொறுத்துக்கொண்டார்.

பாதி வழியில் எதிரே மீரானின் வண்டி வந்தது. அதில் பால்வண்ணம் உட்கார்ந்திருந்தார். அதிகாரியிடம் முறையிடுவதற்காக அவரைத் தேடி ரயிலடிவரை போய்விட்டுத் திரும்பி வருகிறார்.

சடையாண்டி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். மீரானும் ஓரங்கட்டி நிறுத்தினான்.

"நீ போப்பா" என்றான் சடையாண்டி.

"நீங்க போன பெறகுதான் நான் போகணும்ணே. உத்தரவு" என்றான் மீரான்.

"எனக்கும் அதே உத்தரவுதாம்ப்பா."

இன்னும் கொஞ்சம் வழி விட்டால் போவானோ என்று சடையாண்டி ராணியைப் பின்வாங்க வைத்தான். அந்த மரியாதையைப் பார்த்து மீரானும் தன் குதிரையைப் பின்வாங்க வைத்தான். நடுவில் ரோடு அகலமாகக் காலியாகக் கிடந்தது. பின்னால் சந்தைக்கு வந்த மாட்டு வண்டி, சைக்கிள், பஸ் எல்லாம் சேர்ந்துவிட்டன. காத்தமுத்துவும் தன் வண்டியோடு வந்து, விஷயம் தெரிந்துகொண்டு, ரொம்ப மரியாதையாகக் கடைசியில் நின்றான். தூரத்தில் ரயில் ஊதியது.

ராணி நின்றால் என்ன செய்யும் என்று முன்பே சொல்லியிருக்கிறோம். நின்றது, செய்தது. சடையாண்டி இன்னும் பின்வாங்கினான். ராணி போட்டது இப்போது ராணிக்கு முன்னால் கிடந்தது.

"யோவ்! நானே இழுத்துட்டுப் போறேன்யா!" என்று கத்திக்கொண்டு அதிகாரி பின்பக்கமாகக் குதித்து இறங்கி, ராணியின் கடிவாளத்தைப் பிடிக்க முன்பக்கம் ஓடிவந்தார். வந்த வேகத்தில் கால் வழுக்கி, மல்லாந்து, லத்தியின் மேலேயே விழுந்தார்.

சடையாண்டிக்கு உயிரே போய்விட்டது. 'இன்னொரு ஆள் விழுந்தால் ஸ்டாண்டு காலி' என்ற வார்த்தை காதில் ஒலித்தது. போயிற்று, எல்லாம் போயிற்று, என் மரமண்டையால் ராணியைத் தோலுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டான்.

மீரான்தான் தைரியம் சொன்னான். "இன்னொரு ஆள் விழுந்தாத்தானே காலி? இவரு உத்தரவு போட்டவருல்லா. தன்னைச் சேத்தா சொல்லியிருப்பாரு?"

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே காத்தமுத்து வேலையை முடித்துவிட்டான். ரோட்டோரம் கிடந்த பழைய முள்ளை இழுத்துவந்து, லத்தியைச் சுற்றி, அதாவது அதிகாரியைச் சுற்றி, வேலி போட்டுக் காவல் நின்றான். பார்க்க ஓடிவந்தவர்களை எல்லாம், "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க" என்று விரட்டினான்.

"டேய்! என்னை இங்கேர்ந்து எடுங்கடா!" என்று வேலிக்குள்ளிருந்து அதிகாரி அலறினார்.

எடுப்பதற்கும் உத்தரவு இருந்ததே! முள்ளை விலக்கினார்கள். லத்தியை அள்ளப் பார்த்தார்கள். பாதி லத்தி அதிகாரியின் வேட்டியிலும் சட்டையிலும் அப்பிக்கொண்டிருந்தது. இதில் லத்தி எதுவரை, ஐயா எதுவரை என்று பிரித்தெடுக்க அவர்களால் முடியவில்லை. ஆகவே மொத்தமாகச் சாக்கில் வைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலாவது முனை தரையில் இழுபட்டது.

"ஐயா, கொஞ்சம் முன்னால நகருங்க, பின்பாரமா இருக்கு" என்றான் சடையாண்டி, பழக்கதோஷத்தில்.

கொள்ளுக்கடை வாசலில், குவியலின் உச்சியில், அதிகாரியைப் பத்திரமாக இறக்கி வைத்தார்கள்.

பின்னாலேயே வந்த பால்வண்ணம் முறையிட வாயைத் திறந்தார். உச்சியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எங்கன வலிக்குது? இடுப்பா? எனக்கும் அங்கனதான் வலிச்சுச்சு" என்றார்.

ரயில் போய்விட்டது. அதிகாரி முகத்தைக் கழுவிக்கொண்டார். இவர்களுக்கு இன்னொரு உத்தரவு போட்டால் ஊரே தாங்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் சடையாண்டி எதிரே நின்று, கண்ணீர் வழிய, "ஐயா, ஸ்டாண்டு?" என்று கேட்டபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"ஸ்டாண்டு இருக்கட்டும்யா. குதிரையும் இருக்கட்டும். ஆனா இனிமே நீங்க மூணு பேரும் என் கண்ணுல படக் கூடாது. பட்டீங்கன்னா, அன்னைக்கே காலி!"

அன்றைய ஆலோசனை ரொம்பக் கடினமாக இருந்தது. ஸ்டாண்டோ ரயிலடிக்கு நேர் எதிரே. அதிகாரி வந்து இறங்குவதோ அதே ரயிலடியில். குழி வெட்டி இறங்கிக்கொள்ளலாம் என்றான் காத்தமுத்து. ரயிலடியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாம் என்றான் மீரான். சடையாண்டி, கண்பட்டை மாட்டிக்கொண்டு நேர் முன்னால் மட்டும் பார்த்து நின்ற ராணியையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று அவன் முகம் மலர்ந்தது.

அடுத்த முறை அதிகாரி ரயிலிலிருந்து இறங்கியதும், மூவரும் பின்பக்கமாக அரவமில்லாமல் வந்து, ராணியின் கண்பட்டையை அவர் முகத்தில் மாட்டி வாரை இறுக்கினார்கள். ராணிக்கு அளவெடுத்துத் தைத்தது, ஐயாவுக்குக் கொஞ்சம் பெரிசுதான். அது பக்கவாட்டில் மட்டுமே மறைக்கும் என்பதால், முன்னால் போய்விடாமல் அவருக்கு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வலது பக்கத்திலிருந்து சடையாண்டி பணிவாகக் கேட்டான்:

"ஐயா, நாங்க தெரியுறோமா?"