குகைச் சுவரில் கரடி வரைந்த படங்கள்

குழந்தைகளே, மலையடிவாரக் காடு ஒன்றில் ஒரு கரடி இருந்தது. எவ்வளவு உயரமான மரமானாலும் சரசரவென்று ஏறித் தேன்கூட்டைப் பிடித்துவிடும். "தேன் வேணுமா? கரடியக்காவைக் கேள்!" என்பதுதான் அங்கே பேச்சு.

அப்படிப்பட்ட கரடிக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியது. வைத்தியம் பார்த்த ஆமை மறைக்காமல் சொன்னது.

"இது அடியோடு போகிற நோய் இல்லையம்மா. தினமும் நொச்சி இலையை நசுக்கிக் கட்டு, வலி மட்டுப்படும். மரம் ஏறுவதை மட்டும் மறந்துவிடு."

மரம் ஏறாத கரடி என்ன கரடி? அது குகைக்குள் போய், பாறைச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

பக்கத்துப் புதரில் குடியிருந்த முயல் தினமும் பச்சிலையும் பழமும் கொண்டுவரும். முயல் பச்சிலை கட்ட வந்தால் கரடி காலை நீட்டிக் கொடுக்கும். பழத்தை மட்டும் தொடாது. உடம்பு வற்றி, எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"கொஞ்சமாவது சாப்பிடுங்க அக்கா."

"எதுக்கு?"

"எதுக்கா? உயிரோட இருக்கத்தான்!"

"இருந்து?"

வாயாடி முயல் பழத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளி வைத்தது.

ஒருநாள் முயல் விடாமல் நச்சரிக்கவே, கரடிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாவற்பழத்தை எடுத்துச் சுவரில் வீசியது. அது சப்பென்று ஒட்டி, ஊதாக் கறையாக வழிந்தது.

"ஐயையோ, நல்ல பழம் போச்சே!" என்று முனகிக்கொண்டே முயல் கிளம்பிவிட்டது.

கரடி கறையைப் பார்த்தபடியே கிடந்தது. ஒரு பக்கமாகப் பார்த்தால் யானை மாதிரி இருந்தது. தும்பிக்கைதான் இல்லை. தும்பிக்கை இல்லாத யானையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு கிடப்பது? இன்னொரு பழத்தை நசுக்கி, நகத்தால் தொட்டு இழுத்தது. தும்பிக்கை வந்தது. காது வைத்தது. வாலும் வைத்துவிட்டு நகத்தில் ஒட்டியதை நக்கியது. இனித்தது. மிச்சப் பழங்களை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டது.

மறுநாள் முயல் வந்ததும் கரடியே வாயைத் திறந்தது. "கொஞ்சம் செம்மண் கிடைக்குமா? மான் வரையணும்."

அதற்குப் பிறகு சுவரில் மான் ஓடியது, மயில் ஆடியது. கரடி வேளாவேளைக்குச் சாப்பிட்டது. முயலைக் கிண்டல்கூடச் செய்தது.

இதைப் பார்க்க, எல்லாம் தெரிந்த குரங்கு வந்தது.

"அடடே, ஆளே தெளிஞ்சுட்டீங்களே! படமே நோயை விரட்டிடுச்சு. இனி எதுக்கு இந்த நாத்தம் பிடிச்ச இலை? அவுத்துப் போடுங்க!"

அதை நம்பக் கரடிக்கு ஆசையாக இருந்தது. கட்டை அவிழ்த்து எறிந்தது. முயல் கொண்டுவந்த இலையையும் தள்ளிவிட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டே வரைந்தது. கொஞ்ச நாளில் முழங்கால் முன்னைவிடப் பெரிதாக வீங்கி, எழுந்திருக்கவே முடியாமல் போனது. இந்தத் தடவை கரடி சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"படமும் என்னை ஏமாத்திடுச்சு முயலு. எல்லாத்தையும் அழிச்சுடு. பழத்தையும் எடுத்துட்டுப் போ."

முயலுக்கு வந்ததே கோபம்! "காலைச் சரியாக்கறேன்னு படமா சொல்லுச்சு? சொன்னது குரங்கு! அழிக்கணும்னா போய்க் குரங்கை அழிங்க!"

அழுதுகொண்டிருந்த கரடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இலை உங்க காலுக்கு. படம் உங்களுக்கு. இப்போ காலை நீட்டுங்க" என்றது முயல்.

கரடி காலை நீட்டியது. கட்டு போட்டும் வலி உடனே போய்விடவில்லை. வெகுநேரம் கழித்து, மெதுவாகப் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பியது. படுத்தபடியே கை எட்டிய இடத்தில், தரையை ஒட்டி, ஒரு மீன் வரைந்தது.

மழைக்காலம் முடிந்ததும் குரங்கு மறுபடி எட்டிப்பார்த்தது. "என்ன இது? மயில் அங்கே உச்சியில நிக்குது, மீனும் நண்டும் தரையோட கிடக்குது! ஒரே வரிசையா வரையத் தெரியாதா?"

"மேலே இருக்கிறது வலி குறைஞ்ச நாள்ல வரைஞ்சது. கீழே இருக்கிறது எழுந்திருக்க முடியாத நாள்ல வரைஞ்சது" என்றது படுத்திருந்த கரடி. "கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறே. இந்த நத்தைக்கு இன்னும் கொம்பு வைக்கலை."

நீதி: நோய்க்கு மருந்தை விடாதே, நோயோடு வாழும் மனசுக்கு ஒரு கலையைக் கொடு.