டம்ளர் உயரச் சங்கு

"சங்கு ஊத மாட்டேங்குது, அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி நிமிரவில்லை. ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனாவது சங்குங்ணா?"

"நாலாவது."

அவளுக்கு முப்பத்தாறு வயது. சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். அவருக்கு அறுபத்திரண்டு. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இருவரில் குரு அவள்தான்.

சீடருக்கு ஒரே ஆசை. மில்லில் ஊதுகிற அபாயச் சங்கை டம்ளர் உயரத்தில் செய்ய வேண்டும். பெரிய சங்கு மாதிரியே அது அலற வேண்டும்.

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு தகரக் குவளைக்குள் இன்னொரு குவளை. இரண்டின் சுவரிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். உள்குவளை சுழலும். ஜன்னலும் ஜன்னலும் நேராக வரும்போது காற்று பாயும், விலகும்போது அடைபடும். அப்படிப் பாய்ந்தும் அடைபட்டும் வருகிற காற்றுதான் சங்கின் குரல்.

ஸ்விட்சைப் போட்டார்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

"அடுப்பு ஊதற மாதிரி இருக்குதுங்ணா."

"வீட்டுக்காரியும் அதைத்தான் சொல்றா. தோசைக்கல்லை வெக்கட்டுமான்னு கேக்கறா."

"என்ன பண்ணிப் பாத்தீங்க?"

"ஜன்னலைப் பெருசு பண்ணினேன். மோட்டாரைப் பெருசு பண்ணினேன். காத்துதான் பலமா வருது. சத்தத்தைக் காணோம்."

கோகிலவாணி கம்பியைக் கீழே வைத்தாள். சங்கை நிறுத்தினாள். இரண்டு குவளைகளுக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டாள். விரல் தாராளமாகப் போயிற்று.

"இத்தனை சந்து எதுக்குங்ணா?"

"உரசிரக் கூடாதில்ல? முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் அம்மிணி. ஒரு கீறல் கிடையாது. எதையும் ஒட்டிப் போக மாட்டேன். தள்ளியேதான் போவேன்."

அவள் உள்குவளையைக் கழற்றினாள். பழைய செய்தித்தாளை எடுத்து உள்குவளையைச் சுற்றி ஒட்டினாள். மேலே இன்னொன்று. சந்தை அடைக்கும் தடிமன் வரும்வரை ஒட்டிக்கொண்டே போனாள். ஜன்னல் வருகிற இடங்களை மட்டும் பிளேடால் வெட்டினாள். குவளையை மறுபடி பொருத்தி ஸ்விட்சைத் தட்டினாள்.

ஊஊ...

இரண்டே விநாடி. காகிதம் கிழிந்து கடை முழுக்கப் பறந்தது.

சென்னியப்பன் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"அடைபட வேண்டிய காத்து சந்து வழியாப் போயிட்டிருந்துச்சு" என்றாள். "ரெண்டும் கிட்ட வரணும். ஒரு காகிதம் நுழையற அளவுக்கு."

"தகரத்துல அது வராதே."

"அலுமினியத்துல கடையணும்."

"யார்கிட்டக் குடுக்க?"

"இந்த ரோட்டுல ஏழு லேத்துப் பட்டறை இருக்குது. விரல் போற அளவுக்கு எல்லாருமே கடைவாங்க."

"காகிதம் போற அளவுக்கு?"

அவள் கம்பியைத் திரும்ப எடுத்தாள்.

"நாச்சிமுத்து."

சென்னியப்பன் சங்கைப் பைக்குள் வைத்தார்.

"அவன் என்ற தம்பி."

"தெரியுங்ணா."

"நாலு வருஷமாப் பேசறதில்ல."

"சண்டைங்களா?"

"சண்டை வந்துரக் கூடாதுன்னுதான்."

கோகிலவாணி கம்பி சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வாரம் சென்னியப்பன் கடைப் பக்கம் வரவில்லை. வீட்டில் சங்கை எடுத்துப் பார்ப்பார், விரலை விட்டுப் பார்ப்பார், உள்ளே வைப்பார்.

எட்டாம் நாள் தம்பியின் பட்டறையை இரண்டு தடவை கடந்து போனார். மூன்றாம் தடவை உள்ளே நுழைந்தார்.

"வாங்ணா" என்று நாச்சிமுத்துவின் வாய் சொல்லிவிட்டது. முகத்தைப் பிறகுதான் இறுக்கிக்கொண்டார்.

"ஒண்ணு கடையணும்."

"அளவு?"

"இதுக்குள்ள சுத்தணும். நடுவுல காகிதம் போனாப் போதும்."

"உரசினா?"

"மறுபடி கடையலாம்."

நாச்சிமுத்து அண்ணன் கையிலிருந்து சங்கை வாங்கினார். பிறகு ஓர் அலுமினியத் துண்டைத் தேடி எடுத்தார்.

முதல் நாள் உரசத்தான் செய்தது. அது போட்ட கிறீச்சில் பக்கத்துப் பட்டறைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"நீ கோணலாக் கடைஞ்சுட்டே" என்றார் அண்ணன்.

"நீங்க குடுத்த அளவு கோணல். உங்க கல்யாணப் பத்திரிகை மாதிரி."

லேத்து நின்றது.

சென்னியப்பன் மகளின் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் விட்டுப்போயிருந்தது.

"என்ற தப்புதான்" என்றார் சென்னியப்பன். "அச்சாகி வந்த அன்னிக்கே பாத்துட்டேன். உன்ற மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு தெரியல."

"வந்திருந்தா ரெண்டு திட்டுத் திட்டியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்."

"இப்பத் திட்டு."

திட்டினார். இரண்டோடு நிற்கவில்லை. டீ வந்தது. குடித்துக்கொண்டே திட்டினார். சென்னியப்பன் தம்பிக்கு இன்னொரு டீ சொன்னார்.

இரண்டாம் நாள் கொஞ்சமாக உரசியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டார்கள்.

முதலில் ஒரு முனகல். அது எழுந்தது. எழுந்து, வளர்ந்து, ஏறிக்கொண்டே போயிற்று. பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. ரோட்டில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார். எதிர்க்கடை டீ மாஸ்டர் கையில் கிளாஸோடு ஓடிவந்தார்.

"எங்க தீ? எங்க தீ?"

அண்ணனும் தம்பியும் மேசையைக் காட்டினார்கள்.

டீ மாஸ்டர் குனிந்து பார்த்தார். நம்பவில்லை. தன் கிளாஸை அதன் பக்கத்தில் வைத்து அளந்தார். கிளாஸ்தான் உயரம்.

அதற்கு மூவரும் சிரித்த சிரிப்பு அந்த அலறலில் யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சென்னியப்பன் கோகிலவாணியின் கடைக்கு வந்தார்.

"ஊதுதுங்களா?"

"ஊரே ஓடியாருது அம்மிணி."

"அப்புறம் என்னங்ணா யோசனை?"

"ஒரு குறை இருக்குது. இன்னும் லேசா உரசுது."

"எவ்வளவு லேசா?"

சென்னியப்பன் யோசித்தார்.

"தெனமும் சாயங்காலம் நாச்சி பட்டறைக்குப் போய் உக்காந்து சரிபண்ணிட்டு வர்ற அளவுக்கு."

"அப்ப அளவு சரிதாங்ணா" என்றாள் கோகிலவாணி.